குப்பனூர் மலைப்பாதையும் ஐந்து கேள்விகளும்: சூழல் மாற்ற ஆராய்ச்சியில் எதற்கு முதலிடம்?

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 'கரையைக் கடந்தாச்சு, இனி பயமில்லை' என்று நினைத்த உள்மாவட்டங்களுக்கு அடுத்த இரண்டு நாள்கள்தான் சோதனை. வலுவிழந்த புயல் மெதுவாக நகர்ந்து கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காட்டில் சுமார் 24 செ.மீ.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பிரதான மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் போக்குவரத்து நின்றது. அப்போது எல்லாரும் தேடிய பெயர் குப்பனூர். ஏற்காட்டுக்குப் போக இருக்கும் மாற்றுப் பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

ஆனால் அந்தப் பாதையும் அதே மலையின் சரிவில்தான் இருக்கிறது. மேலே பெய்வதும் அதே மழைதான். ஒருநாள் இரண்டு பாதையும் சேர்ந்து அடைபட்டால் மலையில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? உலகம் முழுக்க சூழல் மாற்றம் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுகள் வருகின்றன. இந்தக் கேள்விக்கு உதவும் ஆய்வு அதில் எத்தனை? ஆராய்ச்சியில் எதற்கு முதலிடம் தர வேண்டும், அதை யார் முடிவு செய்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

குப்பனூர் எங்கே இருக்கிறது?

சேலம் மாவட்டத்தில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது குப்பனூர். சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு இது கூட்டம் குறைந்த இன்னொரு வழி. வழியில் உள்ள மலைக் கிராமங்களுக்கோ சந்தை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே இந்த ரோடுதான்.

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. பரப்பு சுமார் 383 சதுர கி.மீ. உச்சி 1,600 மீட்டருக்கு மேல். காபி, மிளகு, ஆரஞ்சு, பலா விளையும் மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில்தான் இங்கே காபி வந்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே இங்கு வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளம் என்று நினைக்க வேண்டாம், 'மலையை ஆளும் மக்கள்' என்றே அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள்.

இந்த மலையில் பெய்யும் மழை கீழே இருப்பவர்களுக்கும் சொந்தம். சேலம் நகரைக் கடந்து போகும் திருமணிமுத்தாறும், ஓமலூர், எடப்பாடி பக்கம் போகும் சரபங்கா நதியும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. மலை தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் மழைக்காலத்தில் கீழே வெள்ளம், கோடையில் கிணற்றில் தண்ணீர் இருக்காது.

சூழல் மாற்றம் என்றால் வெயில் கூடுவது மட்டும்தானா?

இல்லை. விஞ்ஞானிகள் 'உலகளாவிய சூழல் மாற்றம்' என்று சொல்லும்போது பல விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறார்கள். காலநிலை மாறுவது அதில் ஒன்று. காடு தோட்டமாவது, தோட்டம் ரிசார்ட் ஆவது, ஊற்று வற்றுவது, உயிரினங்கள் அழிவது, வெளியிலிருந்து வந்த செடிகள் காட்டை ஆக்கிரமிப்பது எல்லாமே இதற்குள் வரும்.

சேர்வராயன் மலையில் இவை தனித்தனியாக நடப்பதில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டது. காட்டில் உண்ணிச்செடி அடர்ந்து வளர்ந்து, கோடையில் காய்ந்து தீக்கு விறகாகிறது. நிலம் இப்படி மாறியிருக்கும்போது பெரிய மழை வந்தால் பாதிப்பும் பெரிதாகிறது. மண்சரிவுக்கு 'மழைதான் காரணம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

'மனித நலன்' என்று எதைச் சொல்கிறார்கள்?

ஐ.நா. ஏற்பாட்டில் 2001-ல் தொடங்கி 2005-ல் வெளியான 'மில்லேனியம் சூழலமைப்பு மதிப்பீடு' இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தது. உலகம் முழுவதிலும் இருந்து 1,360-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் பங்கேற்ற பணி அது. இயற்கை மனிதர்களுக்குத் தரும் 24 சேவைகளை ஆராய்ந்ததில், அவற்றில் சுமார் 60 சதவீதம் சீரழிந்து வருவதாக அந்த மதிப்பீடு சொன்னது. மனித நலனை அது ஐந்தாகப் பிரித்தது. மலைக் கிராமத்து வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும்:

• அடிப்படைத் தேவை: காபி பறிப்புக் கூலி, ரேஷன், குடிதண்ணீர்.
• உடல்நலம்: பிரசவ வலி வந்தால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர முடிகிறதா?
• பாதுகாப்பு: ராத்திரி மழை பெய்தால் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா?
• சமூக உறவு: ஊர்த் திருவிழா, ஒருவருக்கொருவர் செய்யும் ஒத்தாசை, காட்டோடு இருக்கும் வழிபாடு.
• தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்: 'இந்த மலையிலேயே இருப்பேன்' என்றோ, 'கீழே போய் வேலை பார்ப்பேன்' என்றோ தானே முடிவெடுக்க முடிகிறதா?

ஒரு ரோடு ரெண்டு நாள் அடைபட்டால் இந்த ஐந்தில் குறைந்தது மூன்று உடனே அடிபடும். வெப்பமானியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஆராய்ச்சிப் பட்டியலைப் போட்டது யார்?

சர்வதேச அறிவியல் கவுன்சில் 2010-ல் ஐந்து 'பெரும் சவால்கள்' என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. முன்கணிப்பு, கண்காணிப்பு, எல்லை வகுத்தல், எதிர்கொள்ளுதல், புதிய வழிகள். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உலக விஞ்ஞானிகள் இவற்றில் கவனம் செலுத்த வேண்டும் என்பது நோக்கம்.

2012-ல் பிரேசிலில் நடந்த ரியோ+20 மாநாட்டின்போது 'ஃபியூச்சர் எர்த்' என்ற சர்வதேச ஆய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இதன் தெற்காசிய அலுவலகம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா காலநிலை மாற்ற மையத்தில் அமைந்தது. இந்தத் திட்டம் அழுத்திச் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது: ஆராய்ச்சிக் கேள்வியையே விஞ்ஞானிகளும், அரசும், பாதிக்கப்படும் மக்களும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்க வேண்டும்.

பத்தாண்டு தாண்டியும் அந்த ஐந்து சவால்களும் பழசாகிவிடவில்லை. ஒவ்வொன்றையும் குப்பனூரில் வைத்துப் பார்ப்போம்.

1. முன்கணிப்பு: 'சேலம் மாவட்டத்தில் மழை' என்றால் எங்கே மழை?

எடப்பாடியும் சேலம் மாவட்டம்தான், ஆத்தூரும் சேலம் மாவட்டம்தான், ஏற்காடும் சேலம் மாவட்டம்தான். மாவட்டத்துக்கு ஒரு எச்சரிக்கை வந்தால் சமவெளியில் இருப்பவர் குடை எடுப்பார். மலைச்சரிவில் வீடு இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? அதை அந்த எச்சரிக்கை சொல்வதில்லை.

உலகக் காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடுகின்றன. ஒரு கட்டம் பொதுவாக சுமார் 100 கி.மீ. அகலம் இருக்கும். மொத்த சேர்வராயன் மலையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். மேலே ஏற்காடு, கீழே குப்பனூர் என்ற வித்தியாசமே அதில் தெரியாது.

அன்றாட வானிலைக் கணிப்பில் நிலைமை தேறியிருக்கிறது. 2025 மே மாதம் இந்தியா அறிமுகப்படுத்திய 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' 6 கி.மீ. கட்டத்தில் வேலை செய்கிறது. முன்பு இது 12 கி.மீ.

மண்சரிவைக் கணிப்பது இதைவிடக் கஷ்டம். எத்தனை நாள் எவ்வளவு மழை பெய்தால் எந்தச் சரிவு தாங்கும் என்று இடத்துக்கு இடம் கணக்கிட வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய மண்சரிவு முன்கணிப்பு மையத்தைத் தொடங்கியது. டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி ஆகிய மாவட்டங்களில்தான் முதலில் இந்த அறிவிப்புகள் ஆரம்பித்தன.

நீலகிரி, வயநாடு போன்ற பெயர்பெற்ற ஆபத்துப் பகுதிகளுக்கு முதலில் கவனம் போவது இயல்பு. ஆனால் ஃபெஞ்சல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். மண்சரிவு என்றாலே நினைவுக்கு வரும் ஊர் இல்லை அது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் மற்ற குன்றுகளையும் இனி கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

2. கண்காணிப்பு: அளக்காததை எப்படிக் கணிப்பது?

மலையில் மழை ஒரே சீராகப் பெய்யாது. ஒரு பக்கச் சரிவில் கொட்டும், அடுத்த பக்கத்தில் தூறும். ஏற்காட்டில் பதிவான 24 செ.மீ. என்பது அந்த மழைமானி இருக்கும் இடத்தின் கணக்கு. சரிவில், ரோட்டுக்கு மேலே எவ்வளவு பெய்தது என்பதுதான் மண்சரிவுக்குத் தேவையான எண்.

தமிழக அரசு மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கத் திட்டமிட்டது. டாப்ளர் ரேடார் அமைக்கத் தேர்வான இரண்டு இடங்களில் ஒன்று ராமநாதபுரம், இன்னொன்று ஏற்காடு. சென்னை, காரைக்கால் ரேடார்கள் கடலோரத்தைப் பார்க்கின்றன. உள்மாவட்ட மேகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க ஏற்காடு மாதிரி உயரமான இடம் உதவும்.

ஆனால் கண்காணிப்பு என்றால் கருவி மட்டும் இல்லை. காபித் தோட்டங்களில் தினசரி மழையைக் குறித்து வைப்பது பழைய வழக்கம். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவில் எப்போது மண் இறங்கியது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். நோட்டிலும் நினைவிலும் இருக்கும் இந்தத் தகவலைச் சேர்ப்பதும் ஆராய்ச்சிதான்.

மனித உடலையும் கவனிக்க வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். விவசாயம், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வேலைகளில் அதிக வெப்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு, கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று 2024-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. வெயில் எத்தனை டிகிரி என்று மட்டும் குறித்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. அந்தப் பெண்களிடம் போய்க் கேட்டதால் வந்தது.

3. எல்லை வகுத்தல்: மலை எவ்வளவு தாங்கும்?

காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். அதனால்தான் பெய்யும்போது கொட்டுகிறது. 2024 ஜூலை 30 வயநாடு பேரழிவுக்குக் காரணமான மழை, காலநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பெய்தது என்று சர்வதேச ஆய்வுக் குழு ஒன்று கணக்கிட்டது.

மழையை நம்மால் குறைக்க முடியாது. மலைமேல் நாம் ஏற்றும் பாரத்தைக் குறைக்கலாம். எத்தனை வாகனம், எத்தனை கட்டடம், ரோட்டை அகலப்படுத்த எவ்வளவு சரிவை வெட்டலாம்? இதற்கு எண் சொல்லும் ஆய்வுதான் 'தாங்குதிறன் ஆய்வு'.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வந்த ஏற்பாடு அது. அந்த மலைகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடி-க்கும் பெங்களூரு ஐஐஎம்-க்கும் போனது. அதாவது, முதலில் எண்ணிப் பார்த்து, அப்புறம் எல்லை போடுவது. ஊட்டியை விடச் சின்ன மலையான ஏற்காட்டுக்கும் இதே கேள்வி பொருந்தும். அதிலும் பிரதான பாதை அடைபட்டு மொத்த வாகனங்களும் குப்பனூர் வழியாகத் திரும்பினால், அந்தச் சிறிய பாதை எவ்வளவு பாரம் தாங்கும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு.

4. எதிர்கொள்ளுதல்: நஷ்டத்தை யார் சுமப்பது?

அராபிகா காபி மார்ச், ஏப்ரலில் வரும் பூமழையை நம்பித்தான் பூக்கிறது. அது தவறினால் காய் பிடிப்பது குறையும். நவம்பர் முதல் பழம் பறிக்கும் காலம். அந்த நேரத்தில் புயல் மழை வந்தால் பழம் உதிரும், களத்தில் காயும் கொட்டை ஈரமாகும். வெயில் கூடி, நிழல் குறைந்தால் தண்டுதுளைப்பான் வண்டின் தொல்லை அதிகரிக்கும்.

இதில் தோட்ட முதலாளிக்கு வருவது விளைச்சல் நஷ்டம். தினக்கூலிக்கோ அன்றைய சாப்பாடே நஷ்டம். ரோடு அடைபட்டால் கீழே போய் வேலை தேடவும் முடியாது. காபி ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல் குறையும் என்று கணிக்கும் ஆய்வுகள் நிறைய உண்டு. கூலி இழந்த குடும்பம் அந்த மாதம் கடன் வாங்கியதா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதா என்று கேட்கும் ஆய்வுகள்தான் குறைவு.

அரசு விதிகள் மாறும்போது என்ன நடக்கும் என்பதும் இந்தச் சவாலில் அடங்கும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க இது வழி செய்தது. வேலை நிற்கும் நாள்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டுமா, எப்படிச் செய்வது என்று ஆராய்ந்து சொன்னால் அரசு முடிவெடுக்க உதவும்.

5. புதிய வழிகள்: பக்கத்து மலைகளில் என்ன நடந்தது?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை ஒரு நல்ல உதாரணம். சாமை, தினை, ராகி விளைந்த நிலங்கள் மரவள்ளிக்கு மாறின. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டதும், அதில் கைக்குக் காசு வந்ததும் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. சாமையைக் குத்திப் புடைப்பது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மக்களோடு சேர்ந்து விதை வங்கிகளை அமைத்ததோடு, தானியத்தைத் தோலுரிக்கும் சின்ன எந்திரங்களையும் கொண்டு வந்தது. 'சிறுதானியம் சத்தானது' என்று சொல்லிவிட்டுப் போகாமல், அதை ஏன் விட்டார்கள் என்று கேட்டதால் கிடைத்த வழி அது.

நீலகிரி மலைச் சாலைகளில் சரிவுக்குள் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, மேலே புல் வளர்த்து மண்ணைப் பிடித்து வைக்கும் முறையை நெடுஞ்சாலைத் துறை பயன்படுத்தியிருக்கிறது. சேர்வராயன் மலையின் பாறையும் மண்ணும் வேறு. அது அங்கே சரிவருமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது?

தமிழக அரசு 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் மாவட்ட காலநிலை மாற்ற இயக்கமும் அமைக்கப்பட்டது. ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் பூங்காவும் இருக்கிறது. வானிலைத் துறை, வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை, சுகாதாரத் துறை எல்லாமே தனித்தனியாகத் தகவல் வைத்திருக்கின்றன.

மழைக் கணக்கு ஒரு துறையில், ரோடு சரிந்த கணக்கு இன்னொரு துறையில், ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவரின் கணக்கு எங்கேயும் இல்லை என்ற நிலை இருந்தால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடியாது. மாவட்ட அளவில் ஒரே மேசையில் இவற்றை வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

அப்போ முதலிடம் எதற்கு?

ஐந்து சவாலும் முக்கியம்தான். ஆனால் வரிசை என்று வந்தால், சேர்வராயன் மலை மாதிரியான இடங்களுக்கு இரண்டாவது சவாலான கண்காணிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சரிவில் பெய்த மழையும், வீட்டில் நடந்த நஷ்டமும் பதிவானால்தான் எச்சரிக்கை துல்லியமாகும், எல்லை போட முடியும், நிவாரணம் சரியான ஆளுக்குப் போகும். அந்தப் பதிவில் எதைக் குறிக்க வேண்டும் என்று மலைவாசிகளிடமும் கேட்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபரில் வந்துவிடும். அதற்கு முன்பாக, குப்பனூர் பாதையில் இருக்கும் ஒரு கிராமத்துக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: எவ்வளவு மழை பெய்தால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்? எந்த வழியாக, எங்கே போக வேண்டும்? ரோடு அடைபட்டால் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணை எப்போதே கீழே கொண்டு போக வேண்டும்?